லினக்ஸ் கெர்னலும் பதிவறைக் கட்டுகளும்

1991 செப்டம்பரில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01 மொத்தம் சுமார் 10,000 வரிகள்தான். அதற்குள் 'கான்ஃபிக்' என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. எந்தக் கணினியில் இது ஓடப் போகிறது என்பதை அதில்தான் குறிப்பிட வேண்டும். அந்தக் கோப்புக்கு உலகத்தில் இரண்டே இரண்டு கணினிகளைத்தான் தெரியும். ஒன்று லைனஸுடையது, 8 மெகாபைட் நினைவகம். மற்றொன்று 'லாசு' என்று குறிக்கப்பட்ட நண்பருடையது, 4 மெகாபைட். உங்கள் கணினி இவை இரண்டிலும் சேராதென்றால் அந்த வரிகளை நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும். விசைப்பலகைகூட பின்லாந்து நாட்டு விசைப்பலகை ஒன்றுதான். வேறு விசைப்பலகை வைத்திருந்தவர்கள் அதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இன்று அதே லினக்ஸ் 4 கோடி வரிகளைத் தொட்டுவிட்டது. கான்ஃபிக் கேட்கும் கேள்விகள் 10,000-க்கும் மேல். நடுவில் உள்ள முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு சிலர் விடாமல் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்: அந்தக் கேள்விகளுக்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்லிச் சொல்லிக் கெர்னலை இளைக்க வைக்கிற வேலை. அவர்களுடைய கதைதான் இது. கணினி நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்து நம் வயதுக்காரர்கள் நகர்ந்துவிட வேண்டாம். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவர்களுக்கு இது மிகவும் பழகிய கதை.

முதலில் கெர்னல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணினியை இயக்கியதும் முதலில் நினைவகத்தில் வந்து உட்கார்வது அதுதான், அணைக்கும்வரை எழுந்திருக்காமல் இருப்பதும் அதுதான். விசைப்பலகை, திரை, வன்தட்டு, பிரிண்டர், இணைய அட்டை எல்லாவற்றோடும் பேசுவது கெர்னல். நாம் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் அதனிடம் மனுக் கொடுத்துத்தான் காரியம் சாதித்துக்கொள்ள வேண்டும். தமிழில் கருவகம் என்றும் உட்கரு என்றும் சொல்கிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் அறிமுகமானது பிரெஞ்சுக் கையேடுகளில் வரும் 'நுவாயோ' என்ற சொல். ஆங்கிலத்தில் கெர்னல் என்றால் உள்ளே இருக்கும் பருப்பு. பிரெஞ்சுக்காரருக்கு நுவாயோ என்பது மாங்கொட்டை போன்ற கெட்டியான கொட்டை. எனக்குப் பிரெஞ்சுச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. சதையை மாற்றலாம், சாறு பிழியலாம். கொட்டை அப்படியே இருக்கும்.

1994 மார்ச் 14 அன்று வெளியான 1.0 பதிப்பில் 1,76,250 வரிகள். அதற்குள் பலவகை வன்தட்டுகள், சிடி டிரைவ்கள், வலையமைப்பு அட்டைகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒருவர் வீட்டில் இத்தனையும் இருக்காது. ஆகவே கெர்னலைக் கட்டுவதற்கு முன் 'மேக் கான்ஃபிக்' என்று ஒரு கட்டளை தட்டினால், அது வரிசையாகக் கேள்வி கேட்கும். இந்த அட்டை வேண்டுமா? இந்தக் கோப்பு முறை வேண்டுமா? ஒய் என்றால் வேண்டும், என் என்றால் வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பின்னால் திரும்பிப் போக முடியாது. நூறாவது கேள்வியில் பத்தாவதைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகுதான் பட்டியல் போட்டுக் காட்டும் வசதி வந்தது.

அந்த நாளில் இதை விளையாட்டாக யாரும் செய்யவில்லை. 4 மெகாபைட் நினைவகம் உள்ள கணினியில் கெர்னல் ஒரு மெகாபைட்டைத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதோடு, கணினி விழிக்கும் நேரத்தில் பழைய முறைக் கெர்னல் 640 கிலோபைட் என்ற பழைய எல்லைக்குள் அடங்கியாக வேண்டும். அதை மீறும் பெரிய கெர்னலுக்கென்று தனி அமைப்பு பின்னால் வந்தது. ஃபிளாப்பி தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். அந்த ஒரே தட்டில் கெர்னலையும் தேவையான கருவிகளையும் அடக்கி, ஒரு பழைய கணினியை இணையத்துக்கு வழிகாட்டும் ரௌட்டராக மாற்றிய திட்டம் ஒன்று 1990களின் பின்பாதியில் பெயர் வாங்கியது. லினக்ஸ் ரௌட்டர் புராஜெக்ட் என்று பெயர். 'டாம்ஸ் ரூட் பூட்' என்று இன்னொன்று, ஃபிளாப்பியை வழக்கத்தைவிட நெருக்கமாக வரைந்து 1.722 மெகாபைட் வரை அடைத்தது. கெட்டுப்போன கணினியை எழுப்பிப் பார்க்க அந்த ஒரு தட்டு போதும்.

நம் ஊரிலும் இந்தப் பைத்தியம் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் பிசி குவெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகடுகள் வழியாகத்தான் இந்தியாவில் பலர் லினக்ஸைத் தொட்டார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும். அவரவர் கணினிக்கு அவரவரே கெர்னல் கட்டுவது அப்போது சாதாரண விஷயம். கட்டி முடிய மணிக்கணக்கில் ஆகும். முடிந்து புதுக் கெர்னலோடு எழுப்பினால், வன்தட்டைப் படிக்கத் தேவையான ஒன்றுக்கே யாராவது 'வேண்டாம்' சொல்லியிருப்பார்கள். மூல அடைவை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணினி செத்த மாதிரி நிற்கும். உலகம் முழுக்க இதைப் பார்க்காத லினக்ஸ்காரர் அநேகமாக இருக்க முடியாது.

இப்போது பதிவறைக்கு வருகிறேன். நம் அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று சொல்வோமே, அதில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் எழுதிவிட வேண்டும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்தாண்டு. கே.டிஸ். மூன்றாண்டு. எல்.டிஸ். ஓராண்டு. ஆயுளைப் பரிந்துரைப்பது அந்தக் கோப்பை ஆதியிலிருந்து நடத்திய பிரிவு எழுத்தர். ஏனென்றால் அவருக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். இது வெறும் விடுப்பு விண்ணப்பம், ஓராண்டு போதும். இது நில எல்லை விவகாரம், பேரன் காலத்திலும் கேட்பார்கள். அவர் மாறுதலில் போய்ப் புதிதாக வந்தவரிடம் அதே கோப்பைக் கொடுத்தால் என்ன செய்வார்? எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ஆர்.டிஸ். போட்டுவிடுவார். பதிவறையில் கட்டுகள் கூரையைத் தொடுவதற்குக் காரணம் காகிதத்தின் மீது யாருக்கும் ஆசை இருப்பதல்ல. 'வேண்டாம்' என்று எழுதக் கோப்பை அறிந்தவர் வேண்டும். 'இருக்கட்டும்' என்று எழுத யாரும் போதும்.

லினக்ஸ் கெர்னலுக்கு நடந்ததும் இதுதான். 1990களின் நடுவில் ஒய், என் இரண்டோடு மூன்றாவது பதிலாக எம் வந்து சேர்ந்தது. எம் என்றால் மாட்யூல். அந்தப் பகுதியைக் கெர்னலுக்குள் வைக்காமல் தனிக் கோப்பாக வன்தட்டில் வைத்துக்கொள்வது. அந்தக் கருவியைச் செருகும்போது மட்டும் எடுத்து வருவது. மேசைமேல் இருக்கும் நடப்புக் கோப்புக்கும் பதிவறையிலிருந்து வரவழைக்கும் பழைய கோப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். இது அருமையான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இது வந்த பிறகு 'என்' என்று சொல்லவேண்டிய அவசியம் போய்விட்டது. ரெட் ஹாட், டெபியன், பிரான்சின் மாண்ட்ரேக் போன்ற வெளியீட்டாளர்கள் தங்கள் குறுந்தகட்டை யார், எந்தக் கணினியில் போடப் போகிறார்கள் என்று அறிய மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் எம்.

இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்ததும் இதைத்தான். ஒரு தாலுகா அலுவலகத்தில் எந்த வயதுடைய கணினி இருக்கும், எந்தப் பிரிண்டர் இருக்கும் என்று தரமணியில் உட்கார்ந்திருப்பவர் எப்படிச் சொல்வார்? எல்லோருக்குமாகச் செய்கிறவர் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லித்தான் தீர வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது பெங்களூரின் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்த கையடக்கக் கணினி. 2001 ஏப்ரலில் முன்மாதிரியைக் காட்டினார்கள். கிராமத்துக்காரர் எழுத்தறிவு இல்லாமலும் பயன்படுத்த வேண்டும், தமிழ், கன்னடம், இந்தியில் வாசித்துக்காட்ட வேண்டும், விலை 9,000 ரூபாய் அளவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. உள்ளே 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிராங் ஆர்ம் சில்லு, 32 அல்லது 64 மெகாபைட் நினைவகம். வன்தட்டு கிடையாது, எல்லாம் ஃபிளாஷ் நினைவகத்தில். அதற்குள் லினக்ஸ். இங்கே கருவி ஒன்றே ஒன்று. அதில் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். எனவே தைரியமாக 'என்' சொல்லலாம். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் சந்தைக்கும் வந்தது. விற்பனை போகவில்லை. சில ஆண்டுகளில் கைப்பேசிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. (அந்தக் கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு உள்ளவை அனைத்திலும் இருப்பது இதே லினக்ஸ் கெர்னல்தான் என்பது வேறு விஷயம்.) காலத்துக்கு முன்னால் வந்துவிட்ட பொருள் என்று சிம்ப்யூட்டரைச் சொல்வார்கள். சந்தையில் தோற்றது உண்மை. அதற்காக வடிவமைப்பைக் குறைவாக மதிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2002 அக்டோபரில் ரோமன் ஜிப்பல் எழுதிய புதிய கேள்விமுறை கெர்னலுக்குள் நுழைந்தது. இதற்கு முன் எரிக் ரேமண்ட் இரண்டு ஆண்டு பாடுபட்டு வேறொரு முறை எழுதியிருந்தார். அது பெரிய சச்சரவில் முடிந்து தள்ளப்பட்டது. அந்தச் சண்டைக்குள் போனால் கட்டுரை நீண்டுவிடும். இன்று புழங்குவது ஜிப்பலின் முறை.

அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் மாட் மெக்கால் என்ற அமெரிக்கர் 'லினக்ஸ் டைனி' என்று ஒரு திருத்தத் தொகுப்பை வெளியிட்டார். கெர்னல் வருடா வருடம் பருத்துக்கொண்டே போகிறது, சில மெகாபைட் நினைவகம் உள்ள சின்னக் கருவிகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது அவர் கவலை. அதுவரை கேள்வியாகவே கேட்கப்படாமல் 'இது இல்லாமல் எப்படி' என்று உள்ளே இருந்த விஷயங்களை அவர் ஒவ்வொன்றாகக் கேள்வியாக்கினார். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'பிரிண்ட் கே'. கெர்னல் தன் நிலைமையைச் சொல்லும் வாய் அதுதான்: வன்தட்டு கண்டேன், இது பழுது, அது கிடைக்கவில்லை என்று எழுதுவதெல்லாம் அதன் வழியாகத்தான். அந்தச் செய்தி வரிகள் மொத்தமும் நினைவகத்தில் இடம் பிடிக்கின்றன அல்லவா? மெக்கால் அதற்கும் ஒரு 'என்' வைத்தார். அப்படிக் கட்டிய கெர்னல் வாய் பேசாது. செத்தாலும் ஏன் செத்தது என்று சொல்லாது. சுவருக்குள் பதித்த ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்கு அது சரி. அங்கே அதன் பேச்சைப் படிக்க யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சிறிய கருவிகளுக்கென்று அவர் எழுதிய 'ஸ்லாப்' என்ற நினைவகப் பங்கீட்டு முறை 2006-இல் அதிகாரபூர்வக் கெர்னலில் சேர்ந்தது. 2023-இல் 6.4 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள், பராமரிப்பது சுமை என்பது காரணம். சுருக்குவதற்கென்றே எழுதப்பட்ட பகுதி, கெர்னலைச் சுருக்கும் பெயரில் போனது.

பிரெஞ்சுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2004-இல் 'டிசிசி பூட்' என்று ஒன்று செய்து காட்டினார். அவரே எழுதிய குட்டி கம்பைலரை வைத்துக்கொண்டு, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் கெர்னலை மூல வரிகளிலிருந்து புதிதாகக் கட்டி, உடனே அதையே ஓடவிடும் ஏற்பாடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கணினியில் 15 வினாடிக்குள் முடிந்தது. கெர்னலைத் தேவையான அளவுக்கு நறுக்கி வைத்திருந்ததால்தான் அது சாத்தியம். நடைமுறைப் பயன் ஒன்றும் பெரிதாக இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை.

2009 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த மாநாட்டில் லைனஸே கெர்னல் வீங்கிப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார். பத்துப் பதிப்புகளில் மொத்தம் 12 சதவீதம் வேகம் குறைந்திருப்பதாக இன்டெல் நிறுவனம் அளந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது தன்னிடம் தீர்வுத் திட்டம் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.6.32-இல் ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய 'லோக்கல் மாட் கான்ஃபிக்' சேர்ந்தது. அது செய்வது எளிய காரியம்: இந்தக் கணினியில் இந்த நிமிடத்தில் எந்தெந்த மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மற்ற எல்லா மாட்யூலுக்கும் 'என்' போட்டுக் கொடுக்கும். பழைய பிரிவு எழுத்தருக்குத் தெரிந்திருந்ததை இப்போது கணினியே நமக்காக விசாரித்துச் சொல்கிறது.

ஜாஷ் டிரிப்லெட் என்பவர் 2014-இல் 'டைனி கான்ஃபிக்' சேர்த்தார். ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் மிகச் சிறிய பதில். அப்படிக் கட்டிய கெர்னல் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. எழும், ஆனால் திரையில் எதுவும் எழுதாது, வன்தட்டை அறியாது, எழுந்ததா இல்லையா என்றே நமக்குத் தெரியாது. அங்கிருந்து தேவையானதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மறு ஆண்டு வந்த 4.1 பதிப்பில் பல பயனர்கள் என்ற கருத்துக்கே 'என்' சொல்லும் வசதி வந்தது. அந்தக் கெர்னலில் ஒரே ஒருவர்தான் வசிக்கலாம். பிறந்தது முதலே பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் யூனிக்ஸ் மரபில் வந்த ஒன்றுக்கு இது பெரிய துறவுதான்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன லாபம், நினைவகம் இப்போது மலிவாயிற்றே என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது டி.சி.சி.பி. என்ற வலையமைப்பு நெறிமுறை. 2005-இல் கெர்னலில் சேர்ந்தது. உலகத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். ஆனாலும் வெளியீட்டாளர்கள் வழக்கம்போல் எம் போட்டு எல்லோர் கணினியிலும் வைத்திருந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஆந்த்ரே கொனோவலோவ் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். சாதாரணப் பயனர் ஒருவர் அதன் வழியாக நிர்வாகி அதிகாரத்தையே பிடித்துவிட முடியும். ஓட்டை பல ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறது. யாரும் கேட்காத கோப்பு, யாரும் திறக்காத கட்டில் இருந்த கறையான். அந்தக் கேள்விக்கு 'என்' சொல்லியிருந்தவர்களுக்கு அன்று வேலை இல்லை. 2025-இல் 6.16 பதிப்பில் டி.சி.சி.பி.யைக் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டு வைஃபை பெட்டி. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி என்ற நீலப் பெட்டி 2002 கடைசியில் வந்தது. உள்ளே லினக்ஸ், 4 மெகாபைட் ஃபிளாஷ், 16 மெகாபைட் நினைவகம். லினக்ஸின் உரிம விதிப்படி 2003-இல் நிறுவனம் மூல வரிகளை வெளியிட, அதிலிருந்து 'ஓபன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற திட்டம் பிறந்தது. தயாரித்தவரே கைவிட்ட பெட்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுள் கொடுத்தது அது. 2005-இல் லிங்க்சிஸ் செலவைக் குறைக்கப் பெட்டியின் ஃபிளாஷைப் பாதியாக்கி, உள்ளே லினக்ஸுக்குப் பதில் வேறு மென்பொருள் வைத்தது. ஆர்வலர்கள் விடவில்லை, பழைய அளவிலேயே லினக்ஸ் பெட்டியை வேறு எண்ணில் தனியாக விற்க வேண்டியதாயிற்று. ஆனால் கெர்னல் வளர்ந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நறுக்கியும் 4 மெகாபைட்டுக்குள் அடக்க முடியாத நாள் வந்தது. 2021-இல் வந்த ஓபன் டபிள்யூ.ஆர்.டி. பதிப்பு குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் நினைவகமும் கேட்டது. பழுதில்லாத பெட்டிகள் அன்றோடு பழசாகிவிட்டன. வளர்வதை நிறுத்தாமல் நறுக்க மட்டும் செய்தால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் கொடுத்த திருத்தம் 386 சில்லுக்கான ஆதரவையே கெர்னலிலிருந்து எடுத்தது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8-இல் அது நடைமுறைக்கு வந்தது. லைனஸ் 1991-இல் லினக்ஸை எழுதியது 386 கணினியில். அதாவது, எந்தக் கணினிக்காகப் பிறந்ததோ அந்தக் கணினியில் லினக்ஸ் இனி எழாது. லைனஸுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

பாரிவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் வேலைக்குப் போய்ப் புதியது வாங்கிவிட்டாள். "தாத்தா, பூந்தமல்லில பழைய சாமான் கடைல போடப் போறோம், உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள். 2 கிகாபைட் நினைவகம். நான் அதில் டெபியன் போட்டேன். அன்று வன்தட்டில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் இருந்தன. உண்மையில் ஓடிக்கொண்டிருந்தவை எழுபது சொச்சம். பென் டிரைவ், பிரிண்டர், கேமரா, இயர்ஃபோன், மகன் அனுப்பிய வெளி வன்தட்டு என்று வீட்டில் செருகக்கூடிய அனைத்தையும் ஒரு முறை செருகிவிட்டு, லோக்கல் மாட் கான்ஃபிக் தட்டினேன். அந்த நிமிடம் அது பார்க்காதது எதுவும் புதுக் கெர்னலில் இருக்காது என்பதால் இந்த முன்னேற்பாடு அவசியம். பழைய கெர்னலையும் தொடக்கப் பட்டியலில் அப்படியே விட்டு வைத்தேன். இதை முயல்பவர்கள் இந்த இரண்டையும் மறக்கக்கூடாது.

அதன் பிறகு பத்து நாள், காலை நடை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம், மிச்சக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உதவிக் குறிப்பு உண்டு. படித்தால் அதுவே ஒரு வரலாறு. அமெச்சூர் வானொலிக்காரர்களின் நெறிமுறை, சூப்பர் கணினிகளைக் கோக்கும் இணைப்பு, இப்போது யாரும் செய்யாத ஒலி அட்டை, பெரிய நிறுவனங்களின் வன்தட்டு வரிசைகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறு மின்னணுக் கருவிகள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் எதிர் வீட்டுத் தம்பி ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், இதெல்லாம் நாங்க போர்டுக்குப் பண்றோம். நீங்க எதுக்குப் பண்றீங்க? ரெடிமேடா கிடைக்குதே."

"அதுல என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது. அதான் ரெடிமேட்."

கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குள் ஆனது. வெளியீட்டாளரின் முழுப் பட்டியலோடு கட்டியிருந்தால் இந்த மடிக்கணினி ஓர் இரவு முழுக்கச் சூடேறிக் கொண்டிருந்திருக்கும். பலனைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். எழும் நேரம் சில வினாடி குறைந்தது. நினைவகத்தில் கொஞ்சம் மிச்சம். இணைய உலாவி அந்த மிச்சத்தை ஒரே பக்கத்தில் தின்றுவிடும். பழைய கணினி மெதுவாக ஓடுவதற்குக் கெர்னல் காரணமே அல்ல, இன்றைய இணையப் பக்கங்கள்தான் காரணம். கெர்னலைச் சுருக்கினால் பழைய கணினி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இந்தக் கணினியில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். டி.சி.சி.பி. மாதிரி ஒரு செய்தி வந்தால் என் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடலாம்.

ஃபிளாப்பி டிரைவுக்கு மட்டும் எம் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மடிக்கணினியில் ஃபிளாப்பி நுழைக்க இடமே கிடையாது.